நாளையும் வருகிறவர் சாப்பிடும் கடை

ஹைதராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் முதல் நீண்ட விடுமுறை வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: “காரில் ஊருக்குப் போகிறோம், வழியில் எங்கே சாப்பிடலாம்?” கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பது நாலைந்து கடைப் பெயர்களை. பெயர் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விடுவார், கடை கைமாறும், சாலையே ஊரை விட்டு விலகிப் போகும். அதோடு, பட்டியலில் இருக்கும் கடை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும். முன்பின் தெரியாத ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பிடிக்கிற முறை தெரிந்துவிட்டால் பட்டியலே வேண்டாம். அந்த முறைக்குக் காரணகாரியம் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலை குறைவு. ஓர் இரானி டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் சாலையைப் பார்ப்போம். ஹைதராபாத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு இரண்டு பெரிய வழிகள். விஜயவாடா சாலையில் நார்கட்பள்ளிவரை போய், நல்கொண்டா, மிர்யாலகூடா, அத்தங்கி வழியாக ஓங்கோல் பக்கம் இறங்கி, நெல்லூர் தாண்டிச் சென்னை சேரலாம். அல்லது கர்னூல், அனந்தபூர், பெங்களூர், கிருஷ்ணகிரி என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே போகலாம். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற, இந்தியாவின் மிக நீளமான நெடுஞ்சாலை அது. அதே சாலை வடக்கே காமாரெட்டி, ஆர்மூர், நிர்மல், ஆதிலாபாத் என்று போகிறது. மேற்கே புனேயையும் கிழக்கே மச்சிலிப்பட்டினத்தையும் இணைக்கும் 65ஆம் எண் சாலை நகரத்தைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. வடகிழக்கில் வாரங்கல் சாலை. இத்தனை சாலைகளையும் 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை கோத்துவைத்திருக்கிறது.

இந்த நெடுஞ்சாலைகள் இருவழியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஊரின் கடைவீதிக்குள்ளும் புகுந்து வெளியேறின. பேருந்து நிலையம், மார்க்கெட், தாலுகா அலுவலகம், சினிமாக் கொட்டகை எல்லாம் சாலையோரம் இருந்தன. ஓட்டல்களும் அங்கேயே இருந்தன. பயணியும் உள்ளூர்க்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான்குவழிச் சாலை வந்தபோது பல ஊர்களுக்குப் பைபாஸ் போட்டார்கள். விபத்து குறைய அது தேவைதான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு விதமான உணவகங்கள் பிரிந்து நிற்கின்றன. பைபாஸ் ஓரத்தில் கார் நிறுத்த விசாலமான இடம், பெரிய பலகை, இட்லியிலிருந்து நூடுல்ஸ்வரை எல்லாம் அச்சிட்ட மெனு. அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே, பழைய கடைவீதியில், பலகைகூடச் சரியாகத் தெரியாத மெஸ்ஸும் டிபன் கடையும். காரில் போகிறவர் கண்ணில் படுவது முதல் வகை மட்டுமே.

இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இங்கே ஒரு பொருளாதார அறிஞரை அழைத்து வருகிறேன். ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்குப் பொருளின் தரம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அப்படி இருந்தால் நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைக்காமல் போகும், மெல்ல மெல்ல மட்டமான பொருளே சந்தையில் தங்கும் என்று காட்டினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தச் சிந்தனைதான் அடிப்படை. அதே கட்டுரையில் நெடுஞ்சாலை உணவகங்களைப் பற்றியும் ஓரிடத்தில் பேசுகிறார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்கள் ஏன் நெடுஞ்சாலை ஓரத்தில் அதிகம் நிற்கின்றன? அங்கே சாப்பிடுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை என்பதால். சராசரி உள்ளூர்க் கடையைவிட அந்தக் கிளைக் கடை கொஞ்சம் மேலான உணவைத் தரும். தெரியாத ஊரில் நிற்கிறவருக்கு அது போதும். ஆனால் அந்த ஊரை அறிந்தவர் தனக்குப் பிடித்த வேறு கடைக்குப் போய்விடுவார்.

நாம் தேடுகிற விஷயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் நிற்கிற நமக்கு மூன்று வாய்ப்புகள். பெயர் தெரிந்த கிளைக் கடை: பயமில்லை, எதிர்பாராத சுவையும் இல்லை. பெயர் தெரியாத பைபாஸ் கடை: இங்கே எச்சரிக்கை தேவை. அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இன்று வந்து போனால் மறுபடி வருவது எப்போதோ. நேற்றைய குழம்பைச் சுடவைத்துப் போட்டாலும் முதலாளிக்கு நாளை கேள்வி கேட்க ஆளில்லை. தொலைதூரப் பேருந்துகள் நிற்கிற சில இடங்களில் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு இலவசம். வண்டியை அங்கே நிறுத்துவதற்கு அதுவே காரணம், சமையலின் தரம் அடுத்தபட்சம். மூன்றாவது வாய்ப்பு, ஊரை அறிந்தவர் போகிற கடை. அதன் கல்லா நாளையும் அதே முகங்களை நம்பி இருக்கிறது. பருப்பில் கல் கிடந்தால் மறுநாள் மத்தியானம் முகத்துக்கு நேரே கேட்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கடைதான். உள்ளூர்க்காரரின் அறிவைக் கடன் வாங்கினால் அங்கே போய்ச் சேரலாம்.

பைபாஸ் கடைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம், ராத்திரியில் வெளிச்சம் என்று பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தேவையானவை அங்கே கிடைக்கின்றன. டீக்கும் கழிப்பறைக்கும் அங்கே நிறுத்துங்கள். பகல் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போங்கள்.

ஊருக்குள் தினமும் வெளியே சாப்பிடுகிறவர்கள் யார் என்று யோசித்தால் கடை இருக்கும் இடம் தெரிந்துவிடும். மண்டல அலுவலக ஊழியர்கள், வெளியூரிலிருந்து வந்து போகும் ஆசிரியர்கள், நீதிமன்றத்துக்கு வருகிற வழக்கறிஞர்கள், ஆர்.டி.சி. டிப்போ ஊழியர்கள், விவசாயச் சந்தையின் கமிஷன் வியாபாரிகள், அங்கே மூட்டை தூக்குகிற ஹமாலிகள். எனவே பழைய பேருந்து நிலையத்தின் பின்தெரு, மார்க்கெட் யார்டின் வாசல், நீதிமன்ற வளாகத்தின் எதிர்ப்புறம் ஆகிய மூன்று இடங்களில் தேடினால் பெரும்பாலும் பலன் உண்டு. இன்னொரு கூட்டமும் இருக்கிறது: மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள். வாரம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி, சொந்தக் காசில் சாப்பிட்டு, மறுநாள் உடம்பு கெடாமல் வேலைக்குப் போக வேண்டியவர்கள். மெடிக்கல் ஷாப் வாசலில் பையோடு நிற்கும் ஒருவரைக் கண்டால் தயங்காமல் கேளுங்கள்.

இனி என்ன கேட்டுச் சாப்பிடுவது என்பதற்கு வருவோம். சின்ன ஊர்க் கடையில் நன்றாக இருப்பது பெரும்பாலும் அந்த மண்ணில் விளைவதுதான். ஹைதராபாத்தைச் சுற்றி மண்ணும் தண்ணீரும் திசைக்குத் திசை மாறுகின்றன. தட்டும் அதற்கேற்ப மாறுகிறது.

மேற்கே 65ஆம் எண் சாலையில், அதாவது மும்பை சாலையில் போனால் நகரம் முடிகிற இடத்தில் பட்டான்செரு. வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட் 1972இல் இங்கே அமைந்தது. கரிசலும் செம்மண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். சோளமும் கம்பும் துவரையும் கொண்டைக்கடலையும் அங்கே ஆராயப்படுகிற பயிர்கள். சாலை மேலும் சங்காரெட்டி, ஜஹீராபாத் என்று போகப் போக அதே பயிர்கள்தான் வயலில். தெற்கே சற்றுத் தள்ளியிருக்கிற தாண்டூரின் துவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் திசையில் சாப்பிட வேண்டியது ஜொன்ன ரொட்டி, அதாவது நம் சோள ரொட்டி. சோள மாவில் கோதுமை மாவின் இழுவை கிடையாது. வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருட்டுக் கட்டை இல்லாமல் உள்ளங்கையால் தட்டித் தட்டியே விரிக்க வேண்டும். ஆறினால் விறைத்துப்போகும் என்பதால் முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைக்க முடியாது. எனவே ஒரு கடை வாசலில் அடுப்புப் பக்கம் கைதட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டு, ரொட்டி கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறதென்றால், அங்கே கை தேர்ந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பருப்புக் குழம்போ, கத்தரிக்காயோ, கோழிக் குழம்போ எதுவானாலும் அதற்குப் பொருந்தும்.

இந்த ரொட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1983இல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தது. ஏழை வீட்டிலும் சோறு பொங்கியது. பசி தீர்ந்த அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதோடு சேர்ந்து சோளம் வீட்டு அடுப்பிலிருந்து மெல்ல விலகியது. பின்னால் சர்க்கரை நோய் பரவியபோது நகரத்து மருத்துவர்களே சிறுதானியம் சாப்பிடச் சொன்னார்கள். ஹைதராபாத் நடைபாதைகளில் மாலை நேரத்து ஜொன்ன ரொட்டிக் கடைகள் முளைத்தன. இடைப்பட்ட காலத்தில் ஜஹீராபாத் பக்கத்து கிராமங்களில் விதையையும் பக்குவத்தையும் காத்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண் விவசாயிகள். அவர்களை ஒன்றுசேர்த்த டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டிக்கு 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு வழங்கப்பட்டது. அந்த அமைப்பு ஜஹீராபாத்திலேயே சிறுதானியத்துக்கென்று கஃபே எத்னிக் என்ற உணவகத்தையும் தொடங்கியது. ஒரு ரொட்டிக்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்து சாப்பிடும்போது ருசி கூடத்தான் செய்கிறது.

வடக்கே நிஜாமாபாத் மாவட்டத்தில் கதை வேறு. ஆர்மூருக்கு அருகே அங்காப்பூர் என்றொரு கிராமம். விதை உற்பத்திக்கும் மஞ்சள், மக்காச்சோளச் சாகுபடிக்கும் பெயர்பெற்ற, வசதியான விவசாய ஊர். இன்று அதன் பெயர் ஹைதராபாத் கடைப் பலகைகளிலும் இருக்கிறது. காரணம் அதன் நாட்டுக்கோழிக் குழம்பு. அங்கே முன்கூட்டியே சொல்லிவைத்தால் முழுக்கோழியைச் சமைத்துச் சோற்றோடு கொடுப்பார்கள். பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். ஓடியாடித் திரிகிற நாட்டுக்கோழி வளரப் பல மாதமாகும். தசை இறுகியிருக்கும், நின்று வேக வேண்டும். அந்த நேரம்தான் குழம்புக்குச் சாறு. அதனால் பத்து நிமிடத்தில் நாட்டுக்கோழி தருகிறேன் என்கிற கடையில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: காலையிலேயே வைத்த குழம்பு, அல்லது அது நாட்டுக்கோழியே இல்லை. அங்காப்பூர் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், கிளம்பும்போதே போன் செய்து சொல்லிவிடுவது. எந்த ஊர் மெஸ்ஸானாலும் நாட்டுக்கோழிக்கும் மட்டனுக்கும் இது நல்லது.

கிழக்கே, நம் சென்னை வழியில், நல்கொண்டா தாண்டியதும் நிலம் பச்சையாகிறது. நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1967இல் கால்வாய்களில் தண்ணீர் பாய்ந்தது. இடது கால்வாய்ப் பாசனத்தால் மிர்யாலகூடா அரிசி ஆலைகளின் ஊரானது. இங்கே ரொட்டி தேடாதீர்கள், சாப்பாடு கேளுங்கள். புது அரிசிச் சோறு, கோங்குரா போட்ட பருப்பு, ஒரு பொரியல், ஊறுகாய், நெய், தயிர். கூடவே பச்சிபுலுசு கிடைத்தால் விடாதீர்கள். புளியைக் கரைத்து, கொதிக்கவைக்காமல், வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப்போட்டுத் தாளித்த சாறு அது. தெலங்கானா வீடுகளின் கோடைக்கால உணவு. சாம்பார் எங்கே என்று கேட்டால் வரும், ஆனால் அது நமக்காக வைத்த சாம்பார். பருப்பில் காட்டுகிற அக்கறையை அதில் எதிர்பார்க்க முடியாது. கிருஷ்ணாவைக் கடந்து பல்நாட்டுக்குள் போனால் குண்டூர் மிளகாயின் நாடு. காரம் ஒரு படி ஏறும். நெல்லூர் வந்ததும் மாங்காய் போட்ட மீன் புளிக்குழம்பு.

தெற்கே 44ஆம் எண் சாலையில் கர்னூலை நெருங்கினால் ராயலசீமை. மழை குறைந்த பூமி. காலை டிபனுக்கு அங்கே உக்கானி. பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, பொட்டுக்கடலைப் பொடி தூவிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி. தள்ளுவண்டியில் காலை எட்டு மணிக்குக் கிடைக்கும், பத்தரைக்குத் தேடினால் இருக்காது. மத்தியானம் ராகி சங்கடியும் கோழிக் குழம்பும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களி சாப்பிட்டவர்களுக்கு அந்தத் தட்டு சொந்தமாகவே தெரியும். இனிப்புக் கடைகளில் இன்று பெரும்பெயராக இருக்கிற புல்லாரெட்டியும் 1948இல் கர்னூலில்தான் தொடங்கியது. சின்ன ஊர்க் கடையொன்று எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வாரங்கல் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஊரின் சிறந்த பண்டம் ஓட்டலில் கிடைத்தே தீரும் என்பதில்லை. அரிசி மாவில் கடலைப் பருப்பும் எள்ளும் வேர்க்கடலையும் சேர்த்து, குழிந்த பாத்திரத்தின் உள்பக்கம் தட்டி, விரலால் துளையிட்டு எண்ணெய் விட்டுச் சுடும் சர்வபிண்டி. சங்கராந்திக்குக் கையாலேயே வளையமாகச் சுற்றிப் பொரிக்கும் சகினாலு. இரண்டும் வீட்டுப் பண்டங்கள். பலகாரங்களை வீட்டிலேயே செய்து சின்னக் கடையில் விற்கிற பெண்களிடம்தான் அவை கிடைக்கும். கடைவீதியில் ஓட்டலை மட்டும் தேடாமல் பலகாரக் கடையையும் ஒரு பார்வை பாருங்கள்.

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். கேட்கும் முறைக்கு வந்துவிட்டோம். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி “நல்ல ஓட்டல் எங்கே?” என்று கேட்டால், கேட்கப்பட்டவர் உங்கள் காரையும் உடையையும் பார்த்துவிட்டு ஏ.சி. இருக்கிற இடத்தைக் காட்டுவார். மரியாதைக்காகச் செய்கிறார், தான் போகிற கடை உங்களுக்குச் சரிப்படாது என்று நினைக்கிறார். கேள்வியை மாற்றுங்கள். “மீரு எக்கட திண்டாரு?” என்று கேளுங்கள். நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும் முகத்தில் சிரிப்பு வரும், பதில் வேறாக இருக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர், பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிறவர், ஆட்டோ அண்ணன், உரக்கடைக்காரர் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

நேரம் இதில் பாதி. மெஸ் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தயாராகி இரண்டு மணிக்குள் உச்சம் கண்டு மூன்று மணிக்கு முடிந்துவிடும். நகரத்து வழக்கப்படி மூன்றரைக்குப் போய் நின்றால் அடிச்சோறும் அலுத்த முகமும்தான் கிடைக்கும். அது கடையின் குற்றமாகாது. கிளம்பும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்றபடி வையுங்கள். விடியற்காலை கிளம்பினால் நூறு கிலோமீட்டரில் டிபன், அடுத்த இருநூறில் சாப்பாடு. தெலங்கானாவில் ஞாயிற்றுக்கிழமை கறி நாள். மட்டனும் பகாரா சாதமும் அன்று புதிதாக இருக்கும். வாரச் சந்தை கூடுகிற நாளில் போக நேர்ந்தால் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; சுற்றுவட்டார கிராமமே வந்து சாப்பிடுகிற அன்று கடைக்காரர் தன் முழுத் திறமையையும் காட்டுவார்.

சுத்தம் எப்படி என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். 2024இல் தெலங்கானா உணவுப் பாதுகாப்புத் துறை ஹைதராபாத்தில் தொடர்ந்து சோதனை நடத்தியபோது பெயர்பெற்ற பெரிய உணவகங்களிலும் குறைகள் வெளிவந்தன. ஆக, கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் சுத்தத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. பார்க்க வேண்டியவை வேறு. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். சோற்றில் வளரக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடுகிற ஒருவகை நச்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. எனவே ஆவி பறக்கிற சோறும், அடுப்பிலிருந்து நேரே வருகிற குழம்பும், கூட்டம் நிறைந்த பந்தியும்தான் உங்கள் பாதுகாப்பு. கூட்டமான கடையில் உணவு பாத்திரத்தில் தங்குவதில்லை. பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி நுரைத்தால் விலகுங்கள். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அளக்கிற கருவி நம்மிடம் இல்லை, கண்ணும் மூக்கும் இருக்கின்றன. 14 இலக்க உணவு உரிம எண் சுவரில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். வெட்டி வைத்த வெங்காயம், தேங்காய்ச் சட்னி, தண்ணீர் கலந்த மோர் ஆகியவற்றில் சந்தேகம் வந்தால் தவிருங்கள். கொதிக்கக் கொதிக்க வருகிறதைத் தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கைபேசியில் நட்சத்திரம் பார்த்துப் போனால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பயணிகளுக்கு வழிகாட்டும் இந்த வழக்கம் பழையதுதான். பிரான்சில் மிஷலின் டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது; உணவகங்களுக்கு நட்சத்திரம் தருவது 1926இல் தொடங்கியது. அதே நாட்டில் 1934இல் லாரி ஓட்டுநர்களுக்கென்று ரூத்தியே என்ற வழிகாட்டி வந்தது. வயிறார, நியாயமான விலையில் சாப்பிடும் இடங்களை அது குறித்தது. அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி, வேலைக்காக ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்ட கடைகளில் பிடித்தவற்றைத் தொகுத்து 1935 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்கு அனுப்பினார். 167 கடைகள் கொண்ட அந்தப் பட்டியல் மறுவருடம் புத்தகமானது. மருந்துப் பிரதிநிதியைக் கேளுங்கள் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் வேண்டுமா?

நட்சத்திரத்துக்குப் பணமதிப்பு உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா 2011இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவக வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்கிறது என்று கண்டார். பணம் இருக்கும் இடத்தில் பொய் மதிப்புரையும் வரும். அதைத் தடுக்கத்தான் இந்திய அரசு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயம் கொண்டுவந்தது. எனவே சராசரி எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். தெலுங்கில் எழுதப்பட்டவற்றை மொழிபெயர்த்துப் பாருங்கள். அவை ஊர்க்காரர்களுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். “சூப்பர்” என்று முடித்துக்கொள்கிறவரை விட, “திங்கட்கிழமை தலைக்கறி கிடையாது” என்று எழுதுகிறவரை நம்புங்கள். அவர் திரும்பத் திரும்பப் போகிறவர்.

கடையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி நம் கடமை. மெனுவில் இல்லாததைக் கேட்காதீர்கள். பனீர் பட்டர் மசாலா கேட்டு வற்புறுத்தினால் நாளை அதைப் பலகையில் எழுதிவிட்டு ஜொன்ன ரொட்டி தட்டுகிற அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தினசரி வாடிக்கையாளர் காத்திருக்கும்போது மேசையை அடைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். விலை பேசாதீர்கள். பிடித்திருந்தால் சமைத்தவரிடமே போய் “சால பாகுந்தி அம்மா”, ரொம்ப நன்றாக இருக்கிறது அம்மா என்று சொல்லுங்கள். இணையத்தில் எழுதினால் எந்த நாள், எந்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்துப் போகிற குடும்பத்துக்கு அது வழி காட்டும், கடைக்கும் நாலு பேர் கூட வருவார்கள்.

நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இனி வரும் விரைவுச் சாலைகள் ஊரைத் தொடாமலேயே போகப் போகின்றன. நுழையவும் வெளியேறவும் குறிப்பிட்ட இடங்கள், நடுவில் ஒப்பந்தம் எடுத்தவர்களின் உணவு வளாகங்கள். வேகத்தை நாம் விரும்பித்தான் கேட்டோம். ஆனால் கர்னூலின் உக்கானியையும் ஜஹீராபாத்தின் ரொட்டியையும் எந்த உணவு வளாகமும் பொறுப்பெடுத்துக் காக்காது. அவற்றைக் காப்பது அந்த ஊரின் ஆசிரியரும் ஹமாலியும் தினமும் கொடுக்கிற சாப்பாட்டுக் காசு. வழிப்போக்கர்களான நாம் அந்தக் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறையாவது சேர்ந்துகொள்ளலாம். அடுத்த பயணத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், பன்னிரண்டரைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று வரைபடத்தில் பாருங்கள், அந்த ஊர் வந்ததும் பைபாஸை விட்டு இடப்பக்கம் இறங்குங்கள்.